சாம்பல் நிறத்தில் ஒரு நீலப்பாறை

பாறை ஆய்வுக்குப் போய் லடாக்கில் ஓர் ஆற்றில் விழுந்த இளம்பரிதியின் உடல் கிடைக்கவில்லை. முகாமில் இருந்த அவன் பையும், கடைசியாக அவன் எடுத்த கல்லும்தான் வந்தன. மனைவி கோமளா அந்தக் கல்லை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தாள்.

“நீலப்பாறை கிடைச்சிடுச்சுன்னு போன்ல குதிச்சாரு. இது சாம்பலா இருக்கே?”

“காஞ்சா அப்படித்தான் அண்ணி, நனைஞ்சாத்தான் நீலம் தெரியும்” என்றான் இளம்பரிதியோடு வேலை பார்த்த ஜெரால்டு. “கடலடிப் பாறை. பூமிக்குள்ள ஐம்பது கிலோமீட்டர் அமுங்கிப் போய், நீலமாகி மேல வந்திருக்கும். அறுத்துப் பார்த்து நிரூபிச்சா, அண்ணன் பேர்லயே கட்டுரை வரும்.”

“அவ்வளவு ஆழம் போனதுகூட திரும்பி வந்துடுது” என்று கல்லை நீட்டினாள்.

நிறம் பார்க்க, பழக்க தோஷத்தில் ஜெரால்டு அதை நக்கப் போனான். கோமளா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“வேண்டாம். அவரும் நக்கித்தான பார்த்திருப்பாரு.”

ஜெரால்டு கல்லை மெதுவாக அறுப்பு இயந்திரத்தில் வைத்தான். தண்ணீர்க் குழாயில் கை வைத்தபோது அவள் கேட்டாள்.

“தண்ணி படாம அறுக்க முடியாதா?”

“முடியாது அண்ணி. பிளேடு சூடாகிடும்.”

அவள் கல்லைத் திருப்பிக் கேட்கவில்லை. அவனும் குழாயைத் திறக்கவில்லை.