மலையேறின கடிகாரம்

"கைய எடுடி! நீ தொட்டுத் தொட்டுப் பாக்கறதுக்கா இத வாங்கியாரச் சொன்னேன்?"

அமிர்தம் அத்தை கடிகாரத்தைக் கண்ணகியின் கையிலிருந்து பிடுங்கித் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அத்தை ஒன்றும் ஏமாந்த சோணகிரி இல்லை என்பது வடக்கனந்தல் முழுக்கத் தெரிந்த சேதிதான்.

அதே மாதிரி இன்னொரு கடிகாரம் கூடத்துச் சுவரில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் கள்ளக்குறிச்சியில் ஒரே கடையில் வாங்கிய பேட்டரிக் கடிகாரங்கள். முள்ளை வைத்ததும் ஒன்றாகத்தான். இனி ஒன்று வீட்டில் ஓடும், மற்றது பஸ் ஏறிக் கல்வராயன் மலைக்குப் போய் அங்கே ஓடும். கண்ணகியின் தலையெழுத்தும் அதோடு மலையேறப் போகிறது.

எல்லாம் அவள் வாயால் வந்த வினை. சென்னையில் எம்.எஸ்ஸி. பௌதிகத்துக்கு இடம் கிடைத்திருந்தது. "அங்க போயி இன்னாத்தடி படிக்கப் போற?" என்று அத்தை கேட்டாள். "காலம் எல்லா எடத்துலயும் ஒண்ணு போல ஓடாது அத்த. மலை மேல வெச்ச கடிகாரம் ஒரு வேகம், கீழ வெச்சது ஒரு வேகம். அதைத்தான்" என்று இவள் பீற்றிக்கொண்டாள்.

அத்தை, அப்பா பிச்சைமுத்துவின் அக்கா. வாழ்க்கைப்பட்டது அடுத்த தெருவில் என்றாலும் ஆட்சி நடப்பது இந்த வீட்டில். உளுந்தூர்பேட்டையில் லாரி வைத்திருக்கும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கண்ணகியைத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தாள். அத்தை சொன்ன சொல்லை மாற்றியதாகச் சரித்திரம் இல்லை. அப்பா அக்காவை எதிர்த்துப் பேசியதாகவும் சரித்திரம் இல்லை.

"நீ சொல்றது நெசம்னா வெச்சுக் காட்டு. வித்தியாசம் இருந்துச்சுன்னா மெட்ராஸ் போ. இல்லன்னா ஆவணில கழுத்த நீட்டு. இன்னா தம்பி?"

"நீ சொன்னா சரிதான்க்கா."

"ஐயோ, இந்தக் கடிகாரத்துல தெரியாது அத்த! அதுக்கு அணுக் கடிகாரம்னு ஒண்ணு வேணும்…"

"எனக்கு அணுவும் தெரியாது, அரிசியும் தெரியாது. பேசினா பேசினதுதான்."

இப்போது பெட்டியோடு பஸ்ஸுக்குக் கிளம்பிய அத்தை வாசலில் நின்று திரும்பினாள். "ஏன்டி, மேல வெச்சது முன்னால போவுமா, பின்னால போவுமா? அப்பால வந்து மாத்திப் பேசக் கூடாது. இப்பவே சொல்லிடு."

"முன்னால போவும் அத்த."

"முன்னால. தம்பி, நீயும் கேட்டுக்க."

கல்வராயன் மலை மேல் வெள்ளிமலை ஊரில் தனக்குத் தெரிந்த பெரியம்மாள் வீட்டுப் பரணில் பெட்டியை வைத்துவிட்டு வந்தாள். நடுவில் ஒரு தடவை போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டும் வந்தாள். அவளிடமா ஏமாற்று வேலை நடக்கும்?

ஆடி முழுக்கக் கண்ணகிக்குச் சோறு இறங்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தாள். ஒரு மாதத்துக்கு மலை தரும் வித்தியாசம், கண் இமைக்கும் நேரத்தைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு தேறும். அதை எந்தச் சுவர்க் கடிகாரம் காட்டும்? கணக்கை மூடி வைத்துவிட்டு மாரியம்மனுக்கு ஒரு வேண்டுதல் வைத்தாள்.

ஆவணி பிறந்ததும் அத்தை பெட்டியோடு வந்து இறங்கினாள். கூடத்தில் எல்லார் கண்ணுக்கும் எதிரில் பூட்டைத் திறந்து, கடிகாரத்தை எடுத்துச் சுவர்க் கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

மலைக் கடிகாரம் ஐந்து நிமிஷம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அடேங்கப்பா!" என்று வாயைப் பிளந்தார் பிச்சைமுத்து. "ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்போது கடிகாரம் ஓடாதா பின்ன! எம் பொண்ணு சொன்னா சொன்னதுதான்."

அத்தையின் முகத்தில் ஈயாடவில்லை. "நான் தோத்துட்டேன் தம்பி. உளுந்தூர்பேட்டைக்காரங்களுக்குச் சொல்லி அனுப்பிடறேன். நானா மாத்திப் பேசினேன்? கடிகாரம் இல்ல பேசிடுச்சு! நீ அவளுக்குப் பெட்டி படுக்கைய கட்டு." சொல்லிவிட்டு விடுவிடுவென்று சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

துள்ளிக் குதிக்க வேண்டிய கண்ணகி மனசுக்குள் மறுபடி கணக்குப் போட்டாள். பேட்டரிக் கடிகாரம் தானாகப் பிசகினாலும் ஒரு மாதத்துக்குச் சில விநாடிதான் பிசகும். ஐந்து நிமிஷம் என்பது எந்த மலையும் செய்கிற வேலை இல்லை, இமயமலையாகவே இருந்தாலும். கடிகாரம் கெட்டுப்போயிருக்கிறது.

வாயை மூடிக்கொண்டிருந்தால் சென்னை. திறந்தால் உளுந்தூர்பேட்டை. ஆனால் பொய்க் கணக்கைக் காட்டிப் போய்ப் பௌதிகம் படிப்பதை நினைக்க அவளுக்குக் கூசியது. அழுகை முட்டிக்கொண்டு வர, சமையல்கட்டுக்குப் போனாள்.

"அத்த, நான் ஒண்ணு சொல்லணும். இது தப்பு. மலை இவ்ளோ தள்ளாது. உண்மையான வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது, அம்மாம் கம்மி. நீங்க தோக்கல அத்த. நான்தான்…"

அத்தை சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். கூடத்தை ஒரு தரம் எட்டிப் பார்த்தாள். தம்பி இன்னும் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கதவை மெல்லச் சாத்திவிட்டு, கண்ணகியின் தலையில் வலிக்காமல் ஒரு குட்டு வைத்தாள்.

"முன்னாலன்னு மட்டும் சொன்னியே, முள்ள எவ்ளோ திருப்பணும்னு சொன்னியாடி?"