சத்தியம் முடிகிற மாலை

டயர் கடைக்கு மேலே ஏறும் இரும்புப் படிக்கட்டின் பாதியில் சிரிலோ நிற்கிறான். மேலே, குடியை விட்டவர்கள் கூடும் அறையின் நீலக் கதவு திறந்திருக்கிறது. அடுப்பில் சுண்டிய காப்பியின் கருகல் வாசம் இறங்கி வருகிறது. கீழே, எதிர்ச்சாரிச் சாராயக்கடை வாசலில், அவனுடைய பழைய குடிக் கூட்டாளி நாச்சோ மேசையில் இரண்டு கிளாஸை வைத்துக்கொண்டு காத்திருக்கிறான். குவாதலூபே மாதா முன்னால், பாதிரியார் சாட்சியாக, ஆறு மாதம் குடியைத் தொடமாட்டேன் என்று சிரிலோ செய்த சத்தியம் இன்றைய கோயில் மணியோடு முடிகிறது. இத்தனை நாளும் மாதாவுக்குப் பயந்தான். இனி பயப்பட யாருமில்லை. மணி அடிக்கிறது. கைப்பிடிக் கம்பி அதிர்கிறதா, தன் கைதான் நடுங்குகிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. “மச்சான், மாதாவே உன்ன விட்டுட்டாங்கடா. எறங்கி வா,” என்கிறான் நாச்சோ, மெஸ்கல் சாராயத்தை ஊற்றிக்கொண்டே.

சிரிலோ விறுவிறுவென்று மேலே ஏறுகிறான். வாசலில் காப்பி ஊற்றும் எர்மீனியா அவன் கையைப் பார்த்துவிட்டு, கப்பைப் பாதியோடு நிறுத்தி அவனிடம் நீட்டுகிறாள். “அக்கா, இங்க எத்தன மாசத்துக்கு சத்தியம் வாங்குவீங்க? ஒரு வருஷம்னாலும் பண்ணிடறேன்,” என்கிறான். “சத்தியமெல்லாம் இங்க யாரும் வாங்கறதில்ல தம்பி. இன்னிக்குக் குடிக்காமப் போய்ப் படு. நாளைக்கு வா.” “அவ்வளவுதானா?” “ராத்திரியத் தாண்டிட்டு வந்து கேளு.” தெருவிலிருந்து நாச்சோவின் விசில் ஏறி வருகிறது. அறைக்குள் ஏழெட்டுத் தலைகள் திரும்புகின்றன. சிரிலோ வாசலையொட்டிய நாற்காலியை இழுத்து, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்காருகிறான். அரைக் கப் காப்பி, அப்படியும் அவன் முழங்காலில் சிந்துகிறது.