கட்டிலோரம் முளைத்த போல்ட்டு

“திருச்செந்தூர் போயிட்டு வாறதுக்கு ஸ்டெப்னி எதுக்குங்க, தேரா ஓட்டப்—”

“நட்டை முறுக்கு புள்ள, கை கடுக்குது!”

“—போறீங்க? ஜீப்புலயே போட்டுக்கறதுதானே?”

ஜீப்புக்குப் பின்னால் பூட்டியிருந்த கேரவன் என்னும் சக்கரவீட்டுக்கு அடியில் குமரேசன் மல்லாந்து கிடந்து, ஸ்டெப்னியை மாட்டும் இரும்புச் சட்டத்தை ஏந்திப் பிடித்திருந்தார். மேலே, உள்ளே, அவர் மனைவி தெய்வானை மண்டியிட்டிருந்தாள். கட்டிலோரம் தரையைத் துளைத்துக்கொண்டு கடைசிப் போல்ட்டு எழும்பி வந்தது. கோயிலுக்குத்தானே கிளம்புகிறோம் என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். முறுக்குவதா விடுவதா என்று புரியவில்லை. கை மட்டும் ஸ்பானரைச் சுழற்றிக்கொண்டிருந்தது.

“இனி எத்தனை வருஷம் ஊரு ஊராச் சுத்துனாலும் ஆடாது,” என்றார் அவர், கீழிருந்து.

ஸ்பானர் நின்றது.

“ஏனுங்க, நம்ம வீட்டுச் சாவிய யாருகிட்டக் குடுத்தீங்க?”