லேஸ் கட்டும் நேரம்

தொடர்கதைக்காரருக்குக் காலையிலேயே கோபம் தலைக்கேறிவிட்டது. வாராவாரம் நாலு பக்கம் ஓடிக்கொண்டிருந்த அவருடைய கதையை இந்த வாரத்தோடு முடித்துக்கொள்ளச் சொல்லிப் பத்திரிகையிலிருந்து போன். அந்த இடத்தில் இனி ஒரு பக்கக் கதைகளாம்.

"ஒரு பக்கத்துல என்னத்தைக் கதை சொல்றது? ஒருத்தர் சொல்றதை உக்காந்து கேக்கற பொறுமையே ஜனங்களுக்குப் போச்சு" என்று பொருமிக்கொண்டே ஷூவை மாட்டினார்.

மனைவி ஈரக் கையைத் துடைத்தபடி வந்தாள். "என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

இடது கால் லேஸை இழுத்துக் கட்டினார். "சுருக்கமா சொல்லு."

"இது கொஞ்சம் பெரிசு."

வலது காலும் முடிந்தது. "அப்ப வந்து பாத்துக்கலாம்" என்று எழுந்து போய்விட்டார்.

பத்திரிகை ஆபீஸில் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார். ஊரே தன்னைத் 'தொடரும் சார்' என்று கூப்பிடுவது சும்மாவா என்று கேட்டார். பத்திரிகை ஆசிரியர், பாவம், தலையைச் சொறிந்தார். பஸ்ஸிலும் வரிசையிலும் நின்றபடி படிக்கிற ஜனங்கள் இப்போது புதிதாக எழுதும் ஒருவரைத்தான் கேட்கிறார்கள், பத்திரிகை வந்ததும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள் என்றார்.

"அப்படி என்ன எழுதிக் கிழிச்சுட்டாங்க?"

ஆசிரியர் ஒரு கதையை எடுத்து நீட்டினார். வேண்டாவெறுப்பாகத்தான் வாங்கினார். படித்து முடித்தவர், தன்னை மறந்து கடைசி வரியை இன்னொரு தரம் படித்தார். அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல். தான் எழுதியிருந்தால் இந்தக் கதையை ஒரு வருஷம் இழுத்திருப்போம் என்பது அவருக்கே தெரிந்தது.

"யார் சார் இது? எங்கே கத்துக்கிட்டாங்க இந்த வித்தையை?"

"புனைபேர்ல எழுதறாங்க. இப்ப வர்ற நேரம்தான், நீங்களே கேட்டுக்கங்க."

கதவு திறந்தது. வந்து நின்றவள் அவர் மனைவி.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார் ஆசிரியர்.

வெட்கமும் கோபமுமாக மனைவியிடம் திரும்பினார்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"சொல்லத்தான் வந்தேன். தினமும்."

"சரி, இவ்வளவு சுருக்கமா எழுத எங்கே கத்துக்கிட்டே?"

அவள் அவருடைய ஷூவைப் பார்த்தாள்.

"கல்யாணமான நாள்லேருந்து எதைச் சொல்றதா இருந்தாலும் நீங்க லேஸ் கட்டி முடிக்கறதுக்குள்ள சொல்லியாகணுமே. அந்தப் பழக்கந்தாங்க."