மூன்றாம் நம்பர் நாற்காலி

"எங்கள்ல ஒருத்தர் போய்ச் சேர்ந்தாத்தானேம்மா உங்க வீட்டுக்காரருக்கு இங்க இடம்? அதுக்குத்தான் உட்கார்ந்து ஜெபம் பண்றீங்களா?"

ஏஞ்சலம்மாளுக்கு முகம் செத்துப்போனது. ஜெபமாலையைச் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கேட்டவர் சங்கரநாராயணன். மும்பை செம்பூர் டயாலிசிஸ் சென்டரில் காலை ஷிப்ட்டில் மூன்றாம் நம்பர் நாற்காலி அவருடையது. எழுபது வயது. இரண்டு தெரு தள்ளி வீடு. கையில் கட்டோடு நடந்தே போய்விடுவார்.

அவளுடைய கணவர் மிக்கேல்ராஜுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இரண்டு கிட்னியும் போய் ஏழு மாதம் ஆகிறது. தாராவியிலிருந்து தாணேவுக்கு, இதே டிரஸ்ட் நடத்தும் இன்னொரு சென்டருக்கு, வாரத்தில் மூன்று நாள் ட்ரெயினில் போய்வர வேண்டும். திரும்பும்போது பிரஷர் இறங்கித் தலை சுற்றும். போன மாதம் சயான் ஸ்டேஷன் படிக்கட்டில் விழுந்து புருவம் கிழிந்துவிட்டது.

செம்பூர் என்றால் ஆட்டோவிலேயே போய்வந்துவிடலாம். அதற்காகத்தான் சனிக்கிழமைதோறும் வந்து, இந்தக் கஷ்டத்தையெல்லாம் சொல்லி இடம் கேட்டுக்கொண்டிருந்தாள். டெக்னீஷியன் ஆஸியா, பக்கத்துச் சீத்தா கேம்ப் குடியிருப்பில் வளர்ந்த தமிழ்ப் பெண், ஒவ்வொரு முறையும் உதட்டைப் பிதுக்குவாள்.

அவர் கேட்டது சுட்டதற்குக் காரணம், அது உண்மை என்பதுதான். அந்த நாற்காலியிலிருந்து யாரும் குணமாகி எழுந்து போவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் சொன்னாள். "இனி செம்பூர்ல இடம் வேணும்னு ஜெபம் பண்ண மாட்டேன்."

"ஏன், ஆண்டவர் மேல நம்பிக்கை போயிட்டா?"

"நம்பிக்கை இருக்கப்போயிதான் சொல்லுதேன். ஒருத்தர்ட்ட பிடுங்கித்தான் நமக்குத் தரணும்னா, ஆண்டவரும் நம்மள மாதிரி இல்லாதப்பட்டவரா? அவருக்கு எத்தனையோ வழி இருக்கும். அவரே பாத்துக்கிடுவாரு."

அடுத்த சனிக்கிழமை போனவள், இடம் கேட்கவில்லை. "காலை ஷிப்ட்ல இருக்க ஆறு பேர் பேரையும் சொல்லுட்டி" என்றாள் ஆஸியாவிடம்.

"எதுக்குக்கா?"

"எல்லாருக்கும் ஆயுசு கேக்கத்தான்."

பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபித்தாள். சங்கரநாராயணன் பெயர் மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் வாயில் வந்தது. அந்நேரம் அவரே வெளியே வந்தார். தன் பெயர் காதில் விழ, ஒரு நிமிஷம் நின்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

திமிர் பிடித்த மனுஷன் என்று மனசு முணுமுணுத்தது. உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, அவர் பெயரை இன்னொரு தரம் சொன்னாள்.

மூன்றாம் வாரம் திங்கட்கிழமை ஆஸியாவிடமிருந்து போன். "அக்கா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு அண்ணனைக் கூட்டிட்டு வந்துடுங்க. மூணாம் நம்பர் காலியாயிடுச்சு." அவ்வளவுதான். அவசரத்தில் வைத்துவிட்டாள்.

மிக்கேல்ராஜ் கண்ணை மூடி ஆண்டவருக்கு நன்றி சொன்னார். ஏஞ்சலம்மாளுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் நாற்காலியில் புது விரிப்பு போட்டிருந்தது. உட்காரப் போன கணவரின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"செத்த இருங்க." ஆஸியா பக்கம் திரும்பினாள். "எப்ப நடந்துச்சுட்டி? அந்த ஐயாவைத் திமிர் பிடிச்சவருன்னு நெனச்சேனே. நல்லா இருக்கணும்னுதான் கேட்டேன். வேற ஒண்ணும் கேக்கல."

ஆஸியா விழித்தாள். "யாருக்கு என்னக்கா ஆச்சு? சாருக்கு ஒண்ணும் ஆகல. சனிக்கிழமைகூட ஏசி ஜாஸ்தின்னு என்கிட்ட சண்டை போட்டாரு."

ஏஞ்சலம்மாள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

மிக்கேல்ராஜ் நாற்காலியில் சாய்ந்து கையை நீட்டினார்.

"பெறகு எப்படிட்டி இடம் காலியாச்சு?" என்றாள் ஏஞ்சலம்மாள்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காருக்கா." ஆஸியா ஊசியைச் செருகி பிளாஸ்டர் ஒட்டினாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்.

"'அந்த ஆளுக்கு ட்ரெயின்ல மயக்கம் வருது, எனக்கு வராது'ன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டாரு. இந்நேரம் தாணேல அண்ணனோட நாற்காலிலதான் உட்கார்ந்திருப்பாரு."