துவைத்த தொப்பி

வியர்வை நாறுகிறதே என்று கதிரேசன் அந்தத் தொப்பியைச் சோப்புப் போட்டுக் கசக்கி, வெயிலில் காயவைத்து, பெருமையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார். மகள் தாரகையின் மனச்சோர்வுக்குக் காந்தத் துடிப்புச் சிகிச்சை; தலையில் எந்த இடத்தில் காந்தம் வைக்கவேண்டும் என்று அளந்து, அவள் போட்டுக்கொள்ளும் அந்தத் தொப்பியின்மேல் மையால் குறித்திருந்தார்கள். மை வாளித் தண்ணீரோடு போயிருந்தது.

"பரவாயில்ல சார். தலையில எங்க தட்டினா கட்டைவிரல் துடிக்குதோ, அந்த இடம் கிடைச்சா அங்கேருந்து மறுபடி அளந்துக்கலாம்" என்றாள் டெக்னீசியன். காந்தம் தாரகையின் தலையை டக்டக்கென்று தட்டித் தேடியது.

"உள்ள யாராவது கதவைத் திறக்கிறாங்களாம்மா?" என்றார் கதிரேசன். பன்னிரண்டு நாளாக இப்படித்தான் தினம் ஒரு ஜோக். ஒன்றுக்குக்கூட அவருக்கே சிரிப்பு வந்ததில்லை.

தாரகைக்குப் பதினாறு வயது, ஆட்டிசம். சுற்றிவளைத்துப் பேசினால் அவளுக்குப் பிடிக்காது.

"அப்பா, உனக்கு என்ன தெரியணுமோ அதைக் கேளேன்."

கதிரேசன் சட்டைப் பித்தானைத் திருகினார். இன்னும் கொஞ்சம் திருகினால் கையோடு வந்துவிடும்.

"இன்னும் செத்துப்போகணும்னு தோணுதாம்மா?"

அவள் கட்டைவிரல் துடித்தது. அது அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தாரகை சொன்னாள்:

"நேத்து தோணல. இன்னிக்கு நாள் இன்னும் முடியலையேப்பா."