கிளினிக் வரிசை

மெதடோன் போதை மாத்திரையை விட முடியாமல் தவித்த மகன் ரொஷானைப் பதுளை கிளினிக்கில் காட்டத்தான் இருதயம்மா கெஞ்சினாள். தினமும் போனால் அளவைக் குறைத்துக் குறைத்து நிறுத்திவிடுவார்களாம்.

“வரிசையில நிக்கிறத மாதா கோயில் தலைவர் சவரிமுத்து பாத்தா என் மானம் என்னாகும்? பய கட்டார்ல வேலையில இருக்கான்னு தோட்டத்து லயம் பூரா சொல்லி வெச்சிருக்கேன்,” என்று கத்தினார் கணவர் பாக்கியநாதன்.

அதனால் ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போய், கண்டிக்கு அப்பால் பூட்டிவைக்கும் புனர்வாழ்வு நிலையம். வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள் இருதயம்மா.

உள்ளே வாங்குப் பலகையில் உட்கார்ந்து, இரண்டு வருடமாகக் கட்டாரில் இருக்கும் தன் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார் சவரிமுத்து.

இருதயம்மா ரொஷானின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

“தலைவரே, நீங்களும் மகனைக் கூட்டிக்கிட்டு பதுளைக்கு வாங்க. உங்க கண்ணுல படக்கூடாதுன்னுதான் இவ்வளவு தூரம் வந்தோம்.”